பத்து மைல் தப்பலாம் என்று சொன்ன கேப்டன்

2007. நான் தேர்ட் ஆபீசர் ஆகி நான்கு மாதம். ஆஸ்திரேலியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து குஜராத் நோக்கி வந்துகொண்டிருந்தோம். காலை எட்டு முதல் பன்னிரண்டு, இரவு எட்டு முதல் பன்னிரண்டு, கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் என் வாட்ச், அதாவது என் காவல் நேரம். ஜிபிஎஸ் இரண்டு இருந்தன. ஆனாலும் தினமும் செக்ஸ்டண்ட் எடுத்துச் சூரியனைப் பிடித்து, கணக்குப் போட்டு, ஒரு தனி நோட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் கேப்டனின் உத்தரவு.

செக்ஸ்டண்ட் என்பது கோணம் அளக்கும் கருவி. அதன் கண்ணாடியில் சூரியனை மெல்லக் கீழே இறக்கி, அடிவானக் கோட்டின் மேல் தொட்டும் தொடாமலும் உட்காரவைக்க வேண்டும். அந்தக் கணத்தில் மணியை வினாடி சுத்தமாகக் குறிக்க வேண்டும். கோணம் ஒரு மினிட், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, பிசகினால் கப்பலின் இடம் ஒரு கடல் மைல் தள்ளிப் போகும். நேரம் நான்கு வினாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு மினிட் நகரும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அதுவும் ஒரு மைல்தான்.

முதல் நாள் எனக்கு ஏழு மைல் பிழை வந்தது. வெட்கமாக இருந்தது. ஜிபிஎஸ் காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, நான் அளந்த கோணத்தில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, அரை மைலுக்குள் கொண்டுவந்து நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாளும் அதையே செய்தேன். பன்னிரண்டு நாள் இப்படி ஓடியது. இதைப் படிக்கும் கப்பல்காரர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும். புதிதாக வரும் பலர் செய்கிற காரியம்தான்.

கேப்டன் தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா தோணித் தண்டல், அதாவது தோணியின் தலைவர்; கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போனவர். பதின்மூன்றாம் நாள் கேப்டன் நோட்டைப் புரட்டினார். கோபமே இல்லை.

"என்னடே, பன்னெண்டு நாளும் அரை மைலுக்குள்ளேயா? வோர்ஸ்லிக்கே இந்தக் கை வரலியே."

"யாரு சார் அது?"

"உக்காரு, சொல்லுதேன்."

அன்று இரவு வாட்ச் முடிந்த பிறகு இரண்டு மணி வரை அவர் பேசினார். அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தவையும் போய்ப் பார்த்தவையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஃபிராங்க் ஆர்தர் வோர்ஸ்லி 1872 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் அகரோவாவில் பிறந்தார். 1888-இல், பதினாறு வயது வாக்கில், கம்பளி ஏற்றும் பாய்மரக் கப்பலில் ஏறியவர். பசிபிக் தீவுகளுக்கிடையே சிறிய கப்பல்களை ஓட்டியே அவர் கை பழகியது. பவளப் பாறைகளுக்கு நடுவே சிறு படகைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் அந்த வேலைதான் பின்னால் அவருக்கு உயிர் கொடுத்தது என்று எங்கள் கேப்டன் அடித்துச் சொல்வார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1914-இல் லண்டனில் தங்கியிருந்தபோது ஒரு கனவு கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பர்லிங்டன் தெருவில் பனிப்பாளங்கள் மிதக்கின்றன, அவற்றுக்கு நடுவே அவர் கப்பல் ஓட்டிப் போகிறார். மறுநாள் காலை அந்தத் தெருவுக்கே நடந்து போனார். ஒரு கதவில் அண்டார்க்டிகா பயணத்தின் பெயர்ப்பலகை. உள்ளே அந்தப் பயணத்தின் தலைவர் ஷாக்கில்டன். சில நிமிடப் பேச்சிலேயே 'எண்டூரன்ஸ்' கப்பலுக்குக் கேப்டன் ஆகிவிட்டார். கடலில் இருப்பவர்கள் கனவையும் சகுனத்தையும் சட்டென்று தள்ளிவிட மாட்டார்கள். எங்கள் ஊரில், கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரையில், என் தாத்தா கெட்ட கனவு கண்ட அன்று கட்டுமரம் தள்ளமாட்டார்.

வோர்ஸ்லி குறையே இல்லாத கேப்டன் அல்ல. கப்பலில் கண்டிப்பு போதாது என்று ஷாக்கில்டனுக்கு மனக்குறை இருந்தது. பனிப்பாளத்தை முழு வேகத்தில் மோதி உடைப்பதில் வோர்ஸ்லிக்கு ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம். பனியில் வெற்றுடம்போடு உருண்டு குளிப்பார். இப்படிப்பட்ட ஆள் எண்களை எடுத்ததும் வேறு மனிதராகிவிடுவார் என்பதுதான் எனக்கு முதலில் பிடிபடாமல் இருந்தது.

1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் எண்டூரன்ஸைப் பனி பிடித்துக்கொண்டது. கப்பல் பனியோடு சேர்ந்து மாதக்கணக்கில் நகர்ந்தது. கரை இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை, கப்பலின் துல்லியக் கடிகாரமான குரோனோமீட்டர் சரியாக ஓடுகிறதா என்று ஒத்துப் பார்க்க வழியும் இல்லை. அந்தக் குளிர்கால இருட்டில் வோர்ஸ்லியும் இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார்கள். அந்தக் கணம் எப்போது வரவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் கடிகாரத்தின் பிழை. கப்பல் நொறுங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் கடிகாரப் பிழையைத் திருத்த உட்கார்ந்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் நான் வாட்ச் எடுக்கும்போது முதல் வேலை, ரேடியோ நேர சமிக்ஞையோடு குரோனோமீட்டரை ஒத்துப் பார்த்து வித்தியாசத்தை எழுதுவது. கடிகாரத்தை அடிக்கடி திருப்பிவைக்கக் கூடாது. அது எவ்வளவு பிசகுகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

அக்டோபர் 27-இல் கப்பலைக் கைவிட்டார்கள். நவம்பர் 21-இல் அது மூழ்கியது. மூழ்கிய இடத்தை வோர்ஸ்லி குறித்துவைத்தார்: தெற்கு 68 டிகிரி 39.5 மினிட், மேற்கு 52 டிகிரி 26.5 மினிட். இந்த எண்களுக்குக் கடைசியில் மறுபடி வரவேண்டும்.

இருபத்தெட்டுப் பேரும் பனிமேல் கூடாரம் போட்டு, 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத பாறை. யாரும் தேடி வரமாட்டார்கள். அங்கிருந்து எழுநூறு கடல் மைலுக்கு மேல் தள்ளியிருந்த தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போனால் திமிங்கில வேட்டை நிலையம் உண்டு. ஏப்ரல் 24 அன்று 'ஜேம்ஸ் கேர்ட்' என்ற படகில் ஆறு பேர் கிளம்பினார்கள். ஷாக்கில்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன், தச்சர் மெக்நிஷ், வின்சென்ட், மெக்கார்த்தி. படகின் நீளம் இருபத்திரண்டரை அடி. எங்கள் கப்பலின் மீட்புப் படகும் ஏறக்குறைய அதே அளவுதான். அன்றிரவு கேப்டன் டார்ச் அடித்து அதைக் காட்டி, "இதுல பாய் கட்டி, உலகத்திலேயே மோசமான கடல்ல, பதினாறு நாள்" என்றார்.

படகுக்கு மேல்தளம் கிடையாது. மெக்நிஷ் சறுக்குவண்டிக் கட்டைகளையும் கித்தான் துணியையும் வைத்து ஒரு மூடி போட்டார். இடுக்குகளை ஓவியரின் வண்ணமும் சீல் ரத்தமும் பூசி அடைத்தார். வழியில் தெறித்த நீர் படகின்மேல் பனியாக உறைந்து கனத்து, கவிழ்க்கப் பார்த்தது. தவழ்ந்து போய்க் கொத்திக் கொத்தி அகற்றினார்கள்.

இந்தப் படகில் சூரியனை எப்படிப் பிடிப்பது? வோர்ஸ்லி பலகையில் மண்டியிடுவார். இரண்டு பேர் இருபுறமும் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். படகு அலையின் உச்சிக்கு ஏறும் ஒரு கணத்தில்தான் அடிவானம் தெரியும். அந்தக் கணத்தில் கோணத்தைப் பிடித்துக் கத்துவார், ஷாக்கில்டன் குரோனோமீட்டரில் நேரத்தைக் குறிப்பார். கணக்குப் புத்தகத்தின் ஈரப் பக்கங்கள் கூழாக ஒட்டிக்கிடக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். பயணம் முழுவதிலும் சூரியன் கிடைத்தது நான்கே முறை. மற்ற நாட்களில் வேகத்தையும் திசையையும் நீரோட்டத்தையும் மனத்தால் கூட்டிக் கழித்த உத்தேசக் கணக்கு மட்டுமே.

இதை முழுசாக நம்ப எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அடுத்த கப்பலும் அதே கேப்டனோடு அமைந்தது. நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு நாள் மீட்புப் படகுப் பயிற்சி. கேப்டனிடம் அனுமதி கேட்டு செக்ஸ்டண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடல் அமைதி, லேசான அலை மட்டும். நண்பகல் சூரியனை அளந்தேன். பிரிட்ஜில் அடிவானம் நேர்கோடு. படகில் அது ஏறி இறங்கும் ஒரு முதுகு. நான் அடிவானம் என்று நினைத்தது பலமுறை பக்கத்து அலையின் தலைதான். எழுந்து நின்று பார்க்கலாமென்றால் நிற்கவே முடியவில்லை. மாலுமிகளின் மேஸ்திரியான பாசன் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கப்பலுக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். ஒன்பது மைல் தப்பு. இந்த முறை நான் எதையும் திருத்தவில்லை. அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன். கேப்டன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப அளவிலிருந்து ஒரு கழிவு போடவேண்டும். எங்கள் பிரிட்ஜில் கண்ணுயரம் 25 மீட்டர், கழிவு 8.8 மினிட். படகில் ஒன்றரை மீட்டர், கழிவு 2.2 மினிட்தான். நான் பழக்கதோஷத்தில் பிரிட்ஜின் எண்ணையே போட்டிருந்தேன். அந்த ஒரு பிசகே ஆறரை மைல்.

"மிச்சம் ரெண்டரை மைலு உன் கை. அது பரவாயில்ல. ஆறரை மைலு உன் பழக்கம்."

அதிலிருந்து நான் விடாமல் செய்வது சில உண்டு. கணக்கைத் தொடங்கும் முன்பே கண்ணுயரத்தையும் செக்ஸ்டண்டின் சொந்தப் பிழையையும் தாளின் தலையில் எழுதிவிடுவேன். ஒரே அளவை நம்பமாட்டேன். ஐந்து அளவு எடுத்து, நேரத்தோடு வரைபடத்தாளில் புள்ளி வைப்பேன். கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளி எது என்று கண்ணே சொல்லிவிடும். அலை இருந்தால் உச்சியில் ஏறும்போது மட்டும் அளப்பேன்.

மே 7-ஆம் தேதிக்கு வருகிறேன். எங்கள் கேப்டன் எனக்குச் சொல்ல நினைத்ததே இந்த நாளைத்தான். சூரியன் மூடுபனிக்குள் ஒரு மங்கல் வட்டமாக மட்டும் தெரிந்தது, ஓரம் தெளிவில்லை. வோர்ஸ்லி நடுப்புள்ளியை ஊகித்து அளந்தார். கணக்குப்படி தெற்கு ஜார்ஜியா நெருங்கிவிட்டது. ஷாக்கில்டனிடம் அவர் சொன்னது: நம் இடத்தைப் பத்து மைலுக்குள் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எண்ணிப் பாருங்கள். குடிதண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது. ஆறு பேரின் உயிரும், பின்னால் பாறையில் காத்திருக்கும் இருபத்திரண்டு பேரின் உயிரும் இந்த ஒருவரின் கணக்கில் தொங்குகின்றன. "இதோ இங்கே இருக்கிறோம்" என்று ஒரு புள்ளியைக் காட்டினால் எல்லோருக்கும் தெம்பாக இருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. தெரியாத அளவு எவ்வளவோ அதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வார்த்தையால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்பது என் எண்ணம். தீவின் வடமேற்கு முனையைச் சுற்றிப் போனால் திமிங்கில நிலையங்கள் இருக்கும் கரைக்கு நேராகப் போகலாம். ஆனால் பத்து மைல் வடக்கே பிசகிவிட்டால் தீவைத் தவறவிட்டுவிடுவார்கள். அங்கே ஓயாமல் வீசுவது மேற்குக் காற்று. ஒருமுறை தாண்டிவிட்டால் எதிர்க்காற்றில் திரும்பி வர முடியாது, அப்புறம் திறந்த கடல்தான். அதனால் தீவின் நீண்ட மேற்குக் கரையின் நடுப்பகுதியை நோக்கித் திருப்பினார்கள். ஆள் இல்லாத கரை, மலையைக் கடந்து போக வேண்டிய கரை. ஆனால் பத்து மைல் எந்தப் பக்கம் தப்பினாலும் நிலம் கிடைக்கும். மே 8 மதியம் கறுத்த பாறைச் சரிவு தெரிந்தது. அடுத்த நாள் சூறாவளி அடித்து, மே 10 அன்று கிங் ஹாகோன் விரிகுடாவில் கரையேறினார்கள்.

என் தாத்தாவிடம் இதே வித்தை இருந்தது. கடலில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைக் கரையிலுள்ள கோவில் கோபுரமும் பின்னாலுள்ள மலையும் ஒரே வரிசையில் வருவதை வைத்துப் பிடிப்பார். அதைக் கணியம் என்பார்கள். மழை மூடி மலை தெரியாத அன்று அவர் ஊரை நேராகப் பிடிக்கப் பார்க்கமாட்டார். வேண்டுமென்றே ஊருக்குக் காற்று வரும் பக்கம் தள்ளிக் கரையைப் பிடித்து, அப்புறம் கரையோரமாகவே காற்றோடு இறங்கி வருவார். நேராக வந்து ஊரைத் தவறவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது.

எனக்கு இது கைகொடுத்தது 2019-இல். அப்போது நான் சீஃப் ஆபீசர், எகிப்தின் போர்ட் சையத் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கிழக்கு மத்தியதரைக் கடலில் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைப்பது அந்தக் காலத்தில் சகஜம். அதிகாலை நான்கு மணி வாட்சில் இரண்டு ஜிபிஎஸ்ஸும் செத்துவிட்டன. நைல் கழிமுகக் கரை தட்டையானது, ரேடாரில் வெகு அருகே வரும்வரை சரியாகத் தெரியாது. வெளுக்கும் நேரத்தில் நான்கு நட்சத்திரம் பிடித்தேன். ஒவ்வொரு நட்சத்திரமும் வரைபடத்தில் ஒரு கோடு தரும், கோடுகள் சந்திக்கும் இடம்தான் கப்பல். நான்கு கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை. வரைபடத்தில் ஐந்து மைல் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டுக் கேப்டனிடம் காட்டினேன். "சார், நாம இதுக்குள்ள எங்கயோ இருக்கோம். எந்த இடம்னு சொல்ல முடியாது." வேகத்தைக் குறைத்து, வட்டத்தின் கரைப்பக்க விளிம்பில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, ஆழமானியைப் பார்த்துப் பார்த்து வந்தோம். ரேடாரில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு அடையாளம் கிடைத்தபோது நான் மூன்று மைல் தப்பியிருந்தேன். வட்டத்துக்குள்தான்.

இப்போது நான் கேப்டன். என் கப்பலில் இளம் ஆபீசர்கள் இடத்தைக் குறிக்கும்போது, பக்கத்தில் எவ்வளவு தப்பலாம் என்பதையும் எழுத வேண்டும். ஜிபிஎஸ் என்றாலும் எழுத வேண்டும். பெரிய எண் எழுதியவரை நான் திட்டியதில்லை. எண்ணே எழுதாதவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பேன்.

வோர்ஸ்லியின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாக்கில்டன், கிரீன், வோர்ஸ்லி மூவரும் யாரும் கடந்திராத மலைகளை முப்பத்தாறு மணி நேரத்தில் கடந்து ஸ்ட்ராம்னஸ் நிலையத்தை அடைந்தார்கள். அன்றிரவே மறுகரையில் விட்டுவந்த மூவரை அழைக்கப் போன கப்பலில் வோர்ஸ்லியே போனார். குளித்து, சவரம் செய்து, புதுத் துணி போட்டிருந்தார். "நம்ம ஆள் ஒருத்தர்கூட வரலியே" என்று அந்த மூவரும் குறைப்பட்டார்கள். ஒன்றரை வருடம் கூடவே இருந்தவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று முயற்சி தோற்று, நான்காவதாக 'யெல்சோ' என்ற சிலி நாட்டுக் கப்பலில் லூயிஸ் பார்டோவோடு போய், ஆகஸ்ட் 30 அன்று எலிஃபண்ட் தீவிலிருந்த இருபத்திரண்டு பேரையும் உயிரோடு மீட்டார்கள்.

அடுத்த வருடம் போரில் அயர்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை வோர்ஸ்லி மோதி மூழ்கடித்தார். வேகத்தில் அவர் கப்பலின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். மோதுவதற்குச் சற்று முன் இயந்திரத்தை நிறுத்தினால் மூக்கு தாழ்ந்து ஆழமாக வெட்டும் என்று கணக்கிட்டார். பனிப்பாளத்தை மோதி மகிழ்ந்த அதே மனிதர். 1922-இல் தெற்கு ஜார்ஜியாவில் ஷாக்கில்டன் இறந்தபோது அந்தக் கடைசிப் பயணத்திலும் அவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில், எழுபதை நெருங்கும் வயதில், வயதைக் குறைத்துச் சொல்லிக் கப்பலில் வேலை வாங்கினார். உண்மை தெரிந்ததும் இறக்கிவிட்டார்கள். 1943 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். சாம்பலை தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்தில் கரைத்தார்கள்.

2016-இல் எங்கள் கப்பல் நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில் நின்றபோது ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. பஸ் பிடித்து மலை ஏறி இறங்கி அகரோவா போனேன். பழைய எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்து உண்டான துறைமுகம் அது. தண்ணீர் குளம் போலக் கிடந்தது. படகுத்துறைப் பக்கம் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. சின்ன ஊர், சின்னச் சிலை. இவ்வளவு அடங்கிய தண்ணீரில் துடுப்புப் போடப் பழகிய சிறுவன்தான் அந்தக் கடலுக்குப் போனானா என்று வெகுநேரம் நின்றிருந்தேன்.

2022 மார்ச் 5 அன்று, தென்னாப்பிரிக்காவின் 'அகுல்ஹாஸ் II' கப்பலிலிருந்து தேடியவர்கள் எண்டூரன்ஸைக் கண்டுபிடித்தார்கள். ஷாக்கில்டனை அடக்கம் செய்து சரியாக நூறு வருடம். 3008 மீட்டர் ஆழத்தில், பின்புறத்தில் எழுதிய பெயர்கூட அழியாமல் நின்றது. வோர்ஸ்லியின் கணக்கு நோட்டு கிறைஸ்ட்சர்ச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளந்த கோணங்களையும் நேரங்களையும் அவர் எழுதிவைத்திருந்ததால்தான், தேடலுக்கு முன்பே அறிஞர்கள் அவற்றை எடுத்து மறுபடி கணக்கிட்டு, பிழை எந்தப் பக்கம் இருக்கலாம் என்று பார்க்க முடிந்தது.

செய்தி வந்த அன்று, தூத்துக்குடியில் ஓய்வில் இருக்கும் எங்கள் கேப்டனுக்குப் போன் போட்டேன்.

"சார், எண்டூரன்ஸ் கெடச்சாச்சு."

"எவ்வளவு தள்ளி?"

"நாலு மைல் சார். தெக்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாலா. பத்துன்னு சொல்லுத ஆளுல்லா." பிறகு கேட்டார்: "அந்தப் பழைய நோட்டு இருக்காடே ஒங்கிட்ட? அந்தப் பன்னெண்டு நாளு?"

"இருக்கு சார்."

"இப்ப எடுத்துப் போட்டுப் பாரு. எங்க தப்புனேன்னு தெரியும்லா."

அன்று மாலை நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு பக்கத்திலும் திருத்திய எண்கள்தான் இருந்தன. நான் உண்மையில் அளந்த கோணத்தை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.